ட்ரெக்கிங் போறவனுக்கு ஓட்டு எதுக்குன்னு கேட்டவங்களுக்கு

நேத்து நம்ம ட்ரெக்கிங் குரூப்ல நடந்த கூத்து இங்க இருக்கற பாதி பேருக்குத் தெரியும், அதனால முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போறதில்ல. ட்ரெயில (மலையேறற காட்டுப் பாதைய) மூடிட்டாங்க, திறங்கன்னு ஒரு ஆன்லைன் பெட்டிஷன் சுத்திச்சு, ஆளாளுக்கு கையெழுத்துப் போட்டு ஃபயர் எமோஜி விட்டுட்டு இருந்தாங்க (காட்டுத்தீ சீசனுக்கு மூடின ட்ரெயிலுக்கு ஃபயர் எமோஜி, அதையும் கவனிங்க). நான் கேட்டது ஒரே கேள்வி. "இதுல எத்தனை பேருக்கு இப்ப குடியிருக்கற அட்ரஸ்ல ஓட்டு இருக்கு?" அவ்ளோதான். "நோ பாலிடிக்ஸ் ப்ளீஸ்"னு சொல்லி அட்மின் என் மெசேஜ டெலீட் பண்ணிட்டார். ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்து "நீங்க எந்தக் கட்சி ப்ரோ"ன்னு விசாரணை வேற.

எந்தக் கட்சியும் இல்ல சாமி. யாருக்குப் போடுங்கன்னு நான் கேக்கவே இல்ல, வாக்காளர் லிஸ்ட்ல பேர் இருக்கான்னுதான் கேட்டேன்.

பெட்டிஷன் போட்டா அரசியல் இல்லயாம், ஓட்டுன்னு சொன்னா அரசியலாம். காட்டுக்குள்ள கால் வைக்க பர்மிஷன் குடுக்கறது யாரு? எந்த ரூட்டத் திறக்கறது, எப்ப மூடறது, எவ்ளோ கட்டணம்னு முடிவு பண்றது யாரு? 2018 மார்ச் 11 தேனி பக்கம் குரங்கணி காட்டுத்தீயில ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல செத்தாங்க, அந்த வருஷமே ட்ரெக்கிங்குக்கு அரசு விதிமுறை வந்துச்சு. 2024ல அரசே ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆன்லைன் புக்கிங் கொண்டு வந்துச்சு. ரெண்டுலயும் நம்மகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேக்கல. எதுக்குக் கேக்கணும், நாமதான் ஓட்டுப் போடறதில்லயே.

2024 ஏப்ரல் 19, எம்.பி. எலெக்ஷன் நாள் ஞாபகம் இருக்கா? வெள்ளிக்கிழமை. சட்டப்படி சம்பளத்தோட லீவு. எலெக்ஷன் தேதி வந்த அன்னிக்கே நம்ம ஆளுங்க "லாங் வீக்எண்ட் டா"ன்னு மூணாறு, வயநாடுன்னு ரூம் போட்டாச்சு. மாநிலம் முழுக்க 69 சதவீதத்துக்கு மேல பதிவாச்சு, தென் சென்னையும் மத்திய சென்னையும் 54 பக்கத்துலயே நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போட்டோ வந்து விழுது, மலை உச்சியில வரிசையா நின்னு தம்ஸ் அப், ஒரு விரல்லயாவது மை இருக்கணுமே. கேப்ஷன் மட்டும் "சேவ் அவர் ஹில்ஸ்".

என் பெரியம்மாவுக்கு ஊரு மதுரை மாவட்டம் மேலூர் பக்கம். அங்க இருக்கற அரிட்டாபட்டி 2022லயே பல்லுயிர் பாரம்பரிய தலம்னு அறிவிச்ச இடம், நம்ம பறவை பாக்கற கோஷ்டி லென்ஸத் தூக்கிட்டுப் போய் ராஜாளிக் கழுகு போட்டோ போடுமே, அதே ஊருதான். 2024 நவம்பர்ல அதையும் சேத்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிருச்சுன்னு தெரிய வந்ததும் சுத்துப்பட்டு ஊரெல்லாம் கெளம்பிருச்சு. டிசம்பர்ல சட்டசபைத் தீர்மானம், ஜனவரியில ஜனம் மதுரைக்கே திரண்டு வந்துச்சு, அந்த மாசமே ஏலம் ரத்து. போன் பண்ணப்ப பெரியம்மா சொன்னது, "எல்லாக் கட்சிக்காரனும் வந்துட்டுப் போயிட்டாண்டா, வராம இருப்பானா, நாளைக்கு ஓட்டுக்கு எங்க வாசலுக்குத்தான வரணும்". அதுக்கு எட்டாங்கிளாஸ் படிப்புதான். நம்ம குரூப்ல எம்.பி.ஏ மட்டும் எத்தனை பேரு!

சரி, "ஒரு ஓட்டுல என்ன மாறிடும்"னு கேப்பீங்க. 2021 சட்டசபைத் தேர்தல்ல தி.நகர்ல ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் 137 ஓட்டு. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல அதவிட அதிகமா ஆள் இருக்கு. "எவனும் சரியில்ல"ன்னா நோட்டா இருக்கு, போய் அமுக்கிட்டு வாங்க. "எனக்கு ஊர்ல ஓட்டு, இங்க வேலை"ன்னா படிவம் 8, "லிஸ்ட்லயே பேர் இல்ல"ன்னா படிவம் 6, ரெண்டையும் போன்லயே முடிச்சிரலாம். ட்ரெக்க ஆன்லைன்ல புக் பண்ணத் தெரியுதுல்ல. "எந்த வேட்பாளரும் காட்டப் பத்திப் பேசறதே இல்லயே"ன்னு ஒருத்தர் கேட்டார், அது நியாயமான கேள்விதான், ஆனா ஓட்டே போடாத கூட்டத்துக்காக அவரு ஏன் பேசணும்?

கொடைக்கானல் மலைக்கு கும்பக்கரையில ஏறி வெள்ளகவி வழியா வட்டக்கானல் போயிருக்கீங்கல்ல, வெள்ளகவி ஊருக்குள்ள அவங்க வழக்கப்படி செருப்ப கழட்டி கையில புடிச்சிக்கிட்டு நடந்தோமே, "ப்யூர் சோல்ஸ்"னு ரீல் போட்டீங்களே. அந்த ஊருக்கு ஓட்டு மெஷின குதிரை மேல ஏத்திக் கொண்டு போவாங்க. நாம ஜாலிக்கு ஏறி மூச்சு வாங்கற அதே பாதைதான், உடம்பு சரியில்லாதவங்கள டோலி கட்டித் தூக்கிட்டு எறங்கறதும் அதுலதான். அவங்க ரோடு கேக்கறாங்க. ரோடு வந்தா ட்ரெயில் போச்சேன்னு நம்ம குரூப்ல ஒப்பாரி. நான் அவங்க பக்கம்தான், ரோடு வரட்டும், அத இப்பவே சொல்லிடறேன், இதுக்கும் சேத்துத் திட்டுங்க. அவங்க போய் வரிசையில நின்னு ஓட்டுப் போட்டுட்டுக் கேக்கறாங்க, நீங்க ஏசி ரூம்ல உக்காந்து பெட்டிஷன்ல கிளிக் பண்றீங்க, எவன் பேச்ச எவன் கேப்பான்?

ரொம்ப சூடா எழுதறேன்னு தோணும். தோணட்டும். கேம்ப்ல ராத்திரி கழுவாத பாத்திரத்தையெல்லாம் கழுவினது, அடுத்தவன் போட்ட சிப்ஸ் கவரப் பொறுக்கி எடுத்து என் பேக்ல வச்சு கீழ கொண்டு வந்தது எல்லாம் நான்தான், அப்பல்லாம் "அண்ணன் தங்கம்". ஒரு கேள்வி கேட்டதும் "கட்சிக்காரன்". பரவால்ல.

சனி ஞாயிறு வாக்காளர் பேர் சேர்க்கற முகாம் வச்சா ட்ரெக் இருக்கும்பீங்க, அதான் ஆன்லைன்னு சொல்லிட்டேன். ஏதாவது சந்தேகம்னா தேர்தல் ஹெல்ப்லைன் 1950க்கு போன் அடிங்க. உங்க பேரு வாக்காளர் லிஸ்ட்ல எந்த பாகத்துல, எத்தனாவது வரிசை எண்ல இருக்குன்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நீங்களே ஒரு தடவ பாத்துக்கிட்டு வாங்க, அப்புறம் கமெண்ட்ல வந்து என்னை எவ்ளோ வேணா திட்டுங்க, ஒண்ணு விடாம பதில் சொல்றேன்.