செய்கூலி இல்லையாம், சேதாரம் மட்டும்தானாம்!

"செய்கூலி கிடையாதுங்க்கா, சேதாரம் மட்டும்தான்." இதை இன்னொருத்தர் என் காதுபடச் சொன்னால் கல்லா முன்னாலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிடுவேன்.

நாத்தனார் மகளுக்குச் சீர் வைக்கக் கொலுசு. வாசலில் ஆள் உயரத்துக்கு போர்டு: செய்கூலி இல்லை! உள்ளே உட்கார்ந்ததும் மோர் வந்தது. பையன் கொலுசைத் தராசில் வைத்தான், 100 கிராம். கால்குலேட்டரைத் தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். சேதாரம் 18 சதவீதம். அதாவது என் கைக்கே வராத 18 கிராம் வெள்ளிக்கும் நான் காசு அழ வேண்டும். அதையும் கூட்டி, அதன் தலையில் 3 சதவீதம் ஜிஎஸ்டி.

"அந்த 18 கிராம் எங்கே போச்சு தம்பி?"

"செய்யும்போது போயிரும்ங்க்கா."

எங்கே போகும்? இது சேலம்யா! செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் கம்பி இழுப்பதையும் பற்றவைப்பதையும் பார்த்தே வளர்ந்தவளிடம் இந்தக் கதையா? ராவின தூளைத் தட்டில் பிடித்துவைப்பார்கள். பட்டறைத் தரையைக் கூட்டின குப்பையைக்கூட அலசி, உருக்கி, வெள்ளியை எடுத்துவிடுவார்கள். மிச்சமெல்லாம் ஆவியாகி ஏற்காட்டு மேல் மேகமாக நிற்கிறதோ என்னவோ.

முதுகு ஒடிய உட்கார்ந்து பற்றவைக்கிறவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அந்தக் கூலியைத்தான் 'இல்லை' என்று போர்டு எழுதிக் கொண்டாடுகிறார்கள். உழைப்புக்கு முட்டை, காணாமல் போனதற்கு 18 சதவீதம்!

கூத்து இனிமேல்தான். பழைய கொலுசைப் போட்டு எடுக்கலாமென்று நீட்டினேன். உரசிப் பார்த்தான். "70 டச்தாங்க்கா. அழுக்கு வேற கழியும்." அதாவது, நூற்றில் எழுபது பங்குதான் சுத்த வெள்ளியாம்.

"சரி, இந்தப் புதுசு எத்தனை டச்?"

"80."

"அப்புறம் 100 கிராமுக்கும் சுத்த வெள்ளி விலை போட்டிருக்கியே?"

"எல்லாக் கடையிலும் அப்படித்தாங்க்கா."

இத்தனைக்கும் அந்தப் பழைய கொலுசு அதே கடையில் வாங்கியது. கொக்கியில் அவர்கள் முத்திரையே இருக்கிறது. அதைக் காட்டினால், "அப்ப ஓனர் வேறங்க்கா" என்கிறான். அப்பன் போய் மகன் உட்கார்ந்தால் வெள்ளிக்கு டச் இறங்கிவிடுமா?

பில் வந்தது. 'செய்கூலி: 0' என்று தனி வரியே ஒதுக்கியிருந்தார்கள். என்ன பெருந்தன்மை! சிரிப்பு வந்துவிட்டது. பையனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

தொலையட்டும் என்று வெளியே வந்தால், என் ஸ்கூட்டிக்குக் குறுக்கே ஒரு புல்லட், ஹேண்டில் லாக்கோடு. யாரென்று கேட்டால் தெருவே வானத்தைப் பார்க்கிறது. கடைவீதிக்கு வண்டியில் வருகிற ஆம்பளைகளுக்கெல்லாம் கண்ணு என்ன பிடரியிலா இருக்கு?