டாக்ஸிக்கு நின்ற கோச்

2016 நவம்பர் 27. அமெரிக்காவின் ராலீ நகரில் ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்கு வெளியே, பெட்டி படுக்கையோடு டாக்ஸிக்கு நிற்கிறார் ஜெரார்ட் கலான்ட். கரோலினா அணியிடம் தோற்ற கையோடு, என்.எச்.எல். லீக்கின் ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணி தன் கோச்சான அவரை நீக்கியிருந்தது. 103 புள்ளி எடுத்து அட்லாண்டிக் பிரிவில் முதலிடம் வாங்கித் தந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"ஆட்டம் சரியில்லை, கோச் போனார்" என்கிறார்கள். டிஃபென்ஸைக் கலைத்துப் போட்டது யார்? அந்தக் கோடையில் டிஃபென்ஸ்காரர்களான குட்பிரான்சனை வான்கூவருக்கும் குலிகோவை பஃபலோவுக்கும் கொடுத்தது நிர்வாகம். கேம்பெல் சிகாகோவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்த யாண்டிலுக்கு 7 வருட ஒப்பந்தம். கோல் முன்னால் எதிராளியை இடித்துத் தள்ளுகிறவர்களைவிட, பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) வேகமாக வெளியே கொண்டுபோகிறவர்கள் வேண்டும் என்று மேலே முடிவு செய்தார்கள். யோசனையில் தப்பில்லை. ஆனால் ஒருவர் மூலைக்குப் போனால் மற்றவர் கோலை விட்டு நகரக் கூடாது. இது கண்ணைக் காட்டாமலே நடக்க ஜோடிகள் சேர்ந்து ஆடி ஆடித்தான் பழக வேண்டும். போதாக்குறைக்கு முக்கிய வீரர் ஹூபர்டோ குதிகால் தசைநாண் அடிபட்டு சீசன் தொடங்குமுன்பே வெளியே. இத்தனைக்கும் நடுவே 11 வெற்றி, 10 தோல்வி, ஓவர்டைம் தோல்வி ஒன்று. இது நீக்குகிற கணக்கா?

வீரரின் சம்பளம் கேப்பில் (அணிக்கு லீக் வைத்த சம்பள உச்சவரம்பில்) ஏறும், கோச்சின் சம்பளம் ஏறாது. அதனால்தான் முதல் வெட்டு எப்போதும் கோச்சுக்கு.

நடுவில் கோச்சை மாற்றி ஜெயித்ததும் உண்டு. 2018 நவம்பரில் கோச் யோவை நீக்கி பெருபேயை வைத்தது செயின்ட் லூயிஸ்; ஜனவரி தொடக்கத்தில் லீக்கிலேயே கடைசி, ஜூனில் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. கோல்கீப்பர் பின்னிங்டன் வந்ததற்கும் அதில் பெரிய பங்கு. அங்கே ஜி.எம். (பொது மேலாளர்) ஆம்ஸ்ட்ராங் தன் நாற்காலியிலேயே இருந்தார். ஃபுளோரிடாவில் ஜி.எம். டாம் ரோ தானே கோச்சாகப் பெஞ்சுக்கு இறங்கினார். கோச் தப்பு செய்தால் கேட்க வேண்டியவர் ஜி.எம். இரண்டும் ஒரே ஆள் என்றால் யார் யாரைக் கேட்பது? அந்த சீசனில் 81 புள்ளி, பிளேஆஃப் இல்லை.

2017 கோடையில் ரோ போய், முந்தைய ஜி.எம். டேலன் அந்த நாற்காலிக்குத் திரும்பியிருந்தார், ஆனாலும் சேதம் நிற்கவில்லை. லீக்கில் புதிதாகச் சேர்ந்த வேகாஸ் அணி மற்ற அணிகளிலிருந்து ஆள் எடுத்துக்கொண்ட விரிவாக்கத் தேர்வில் 4 டிஃபென்ஸ்காரர்களைக் காப்பாற்றப் போய், 30 கோல் அடித்த மார்ஷசோவைத் திறந்து விட்டார்கள். ரெய்லி ஸ்மித்தையும், இளம் வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு வேகாஸிடமே தள்ளிவிட்டார்கள். இருவரையும் ஒரே லைனில் ஆடவிட்டு, முதல் சீசனிலேயே 109 புள்ளியோடு வேகாஸை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர் அதே கலான்ட். 2023-இல் வேகாஸ் கோப்பை வென்றபோது சிறந்த வீரர் மார்ஷசோ. எதிரே தோற்று நின்ற அணி ஃபுளோரிடா.