சுவரடியில் கொடி நடுவது பற்றி ஒரு திருத்தம்

கொடியைச் சுவரை ஒட்டியே நட்டால்தான் சீக்கிரம் பற்றி ஏறும் என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், அது சரியல்ல. சுவரடி மண் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். கூரை விளிம்பும் சுவரும் மழையை மறைத்துவிடும். செங்கல்லும் ஈரத்தை உறிஞ்சும். புதுச் செடிக்கு வேர் இன்னும் பரவியிருக்காது, அந்த வறட்சியை அதனால் தாங்க முடியாது. வாடிப்போனதும் நாற்று சரியில்லை என்று பழி சொல்கிறோம், பாவம்.

சுவரிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் தள்ளிக் குழி எடுங்கள். செடியைச் சுவர்ப்பக்கம் சாய்த்து நட்டு, ஒரு குச்சியையும் அப்படியே சாய்த்து ஊன்றித் தண்டைத் தளர்வாகக் கட்டுங்கள். அப்புறம் அது தானே சுவரை எட்டிவிடும்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த மழை விட்டதும் சுவரடியில் ஒரு விரல் ஆழம் தோண்டிப் பாருங்கள். அரை மீட்டர் தள்ளியும் அதே போல் தோண்டுங்கள். எந்த மண் கையில் ஒட்டுகிறது, எது உதிர்கிறது என்று தெரிந்துவிடும். சாரல் நேராக அடிக்கும் சுவரில் மட்டும் வித்தியாசம் குறைவாக இருக்கலாம்.

ஏற்கெனவே ஒட்டி நட்டிருந்தால் பிடுங்க வேண்டாம். வேரடியில் மெதுவாக, ஆழமாகத் தண்ணீர் விட்டு வாருங்கள்.