ஷனெல் நம்பர் 5: தோள்பட்டை மாறிய கதை

ஷனெல் நம்பர் 5 என்ற பிரெஞ்சு சென்டின் பாட்டில் நூறு வருடமாக மாறவே இல்லை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சின்னத் திருத்தம். 1921-ல் வந்த முதல் பாட்டிலின் தோள்பட்டை வளைவாக இருந்தது, கண்ணாடியும் மெல்லியது. வெளியூர் அனுப்பினால் தாங்காது என்று 1924-ல் கனமான கண்ணாடிக்கு மாறி, ஓரங்களைப் பட்டையாகச் சீவிவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது அந்தச் சதுரத் தோள்தான். மூடி அதற்கப்புறமும் பெருத்து இளைத்து என்று பலமுறை மாறியிருக்கிறது.

லேபிள் ரொம்ப எளிமையானது என்று நீங்கள் சொன்னது சரி. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். லாலிக் போன்ற பிரெஞ்சு கண்ணாடிக் கலைஞர்கள் பூவும் பெண்ணுருவுமாகக் கண்ணாடியில் வார்த்துக்கொண்டிருந்த காலத்தில், மருந்துக்கடை சீசா மாதிரி ஒன்றில் சென்ட் விற்க நல்ல துணிச்சல் வேண்டும்.

நீங்கள் விட்டுவிட்டது கழுத்தை. ஸ்ப்ரே வைத்ததில் கிடையாது; அசல் பர்ஃப்யூம் பாட்டிலில் மட்டும், மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் மெல்லிய சவ்வைப் போர்த்தி, கறுப்பு நூலால் இறுக்கிச் சுற்றி, மெழுகு முத்திரை வைக்கிறார்கள். இன்றும் கைவேலைதான். அண்ணி கொண்டுவந்து கொடுத்த குட்டி பாட்டில், அந்த நூலை அறுக்க மனசு வராமல் மூன்று மாதம் என் பீரோவிலேயே கிடந்தது.