படுகையில் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு

கொள்ளிடம் வெள்ளத்தில் படுகை மக்களைப் படகில் ஏற்றி வரும் படம் ஒன்றுக்குக் கீழே நேற்று "ஆத்துக்குள்ள வீட்டைக் கட்டிக்கிட்டு வருஷா வருஷம் நிவாரணம் கேக்குறாங்க" என்று ஒருவர் எழுதியதையும், அதற்கு விழுந்த விருப்பக்குறிகளையும் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எனக்குத் தெரிந்தவர்களே விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள்.

நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல். பெயரிலேயே படுகையும் திட்டும் மணலும் இருக்கிற ஊர்கள். காவிரியிலிருந்து பிரிகிற கொள்ளிடம் ஆற்றுக்கும் அதன் கரைக்கும் நடுவில் வெள்ளாமை செய்து பிழைப்பவர்கள், நேற்று வந்து இடம் பிடித்தவர்கள் இல்லை. குடகிலும் வயநாட்டிலும் ஆடியில் மழை கொட்டி மேட்டூர் 120 அடியைத் தொட்டால், காவிரி தாங்காத தண்ணீரைத் திருச்சி பக்கத்தில் முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துக்குத்தான் திருப்புகிறார்கள். 2018, 2022, 2024 என்று பார்த்துவிட்டோம். 2022 ஆகஸ்டில் மேட்டூரில் 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். ஊரில் மழையே இல்லாதபோதும் ஆறு வீட்டுக்குள் வந்துவிடும். மற்ற வயல்கள் மூழ்காமல் இருக்கத்தான் இவர்கள் மூழ்குகிறார்கள்.

என் அத்தை வாழ்க்கைப்பட்டது அந்தப் பக்கம். அந்த வருஷம் போனபோது ரேஷன் கார்டையும் பட்டாவையும் கேரிபேக்கில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கரைமேல் தார்ப்பாய்க்கு அடியில் மாட்டோடு உட்கார்ந்திருந்தார். முகாமில் சாப்பாடு உண்டு, மாட்டுக்கு இடமில்லை. "அதை விட்டுட்டு நான் மட்டும் போய்ச் சோறு திங்கவாடா?" என்றார். தண்ணீர் வடிந்ததும் மல்லிகைச் செடி ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார், வேரின் தோல் அவர் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர் சுவரைப் பார்த்தார், செடியை எழுதவே இல்லை.

முன்னாடியே எச்சரிக்கை கொடுக்கிறார்களே என்பீர்கள். சரி, கொடுக்கிறார்கள். தண்டோரா போட்டால் செடி நடந்து மேடேறுமா? மாற்று இடம் கொடுத்தாலும் போக மாட்டார்கள் என்பது அடுத்தது. 3 சென்ட் மனையில் மாட்டை எங்கே கட்டுவது, விடியுமுன் பூப்பறிக்க எங்கிருந்து நடந்து வருவது? ஆற்றுக்குள் இருப்பது ஆபத்துதான், எனக்கும் தெரியும். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் மட்டும்தானா? அவர்கள் நிவாரணத்துக்காக அங்கே இருக்கவில்லை. நிலம் அங்கே இருக்கிறது, அதனால் இருக்கிறார்கள். எத்தனை தடவை சொல்வது?

மேட்டூர் நிரம்பியது என்று நாமெல்லாம் படம் போட்டோமே, நானும் போட்டேன், அன்றைக்கு ராத்திரி அத்தை போன் செய்தார். "எவ்வளவு தொறந்திருக்கானுவடா, கீழணைக்கு எப்ப வரும்?" அவர்கள் ஊருக்கு மேலே கொள்ளிடத்தில் இருக்கிற அணைதான் கீழணை. அதற்குள் வைக்கோலில் பாதியைக் கரைமேல் ஏற்றிவிட்டாராம்.