முதலில் பெயர், பிறகு பார்வை

ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்தால் என் கண் முதலில் போவது ஓவியத்துக்கு அன்று. அதனருகில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டுக்கு. வரைந்தவர் யாரென்று படித்த பிறகுதான் நிமிர்ந்து படத்தைப் பார்க்கிறேன். தெரிந்த பெயர் என்றால் சற்றுக் கூடுதலாக நிற்கிறேன். தெரியாத பெயர் என்றால் கால் தானாக நகர்ந்துவிடுகிறது. இதை வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதையும் கூர்ந்து பார்ப்பதே தொழிலாகக் கொண்ட வல்லுநர்களும் இதே வரிசையில் தீர்ப்பு எழுதி வந்திருக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

யூடித் லெய்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் 1633இல் உறுப்பினராகச் சேர்ந்த டச்சு ஓவியர் இவர். 1660இல் இவர் இறந்த பிறகு பெயர் ஏறத்தாழ மறைந்தே போனது. படங்கள் மறையவில்லை, அவற்றில் பல அதே நகரின் புகழ்பெற்ற ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தவையாகக் கைமாறி வந்தன. 1893இல் ஹோஃப்ஸ்டெடெ டெ ஹ்ரோட் என்ற கலை வரலாற்றாசிரியர், ஹால்ஸின் படைப்பு என்று விற்கப்பட்டிருந்த ஓர் ஓவியத்தில் லெய்ஸ்டரின் கையெழுத்துக் குறியை, முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரமும் சேர்ந்த அந்தக் குறியை, அடையாளம் கண்டார். அந்தப் படத்தின் விற்பனை வழக்கில் போய் முடிந்தது, விலையும் குறைக்கப்பட்டது. படத்தில் ஒரு தீற்றல்கூட மாறியிருக்கவில்லை. ஹால்ஸுக்கு நிகராக வரையத் தெரிந்த இன்னொருவர் கிடைத்த செய்தி, சந்தைக்கு நட்டக் கணக்காக மட்டுமே தெரிந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை இருபதாம் நூற்றாண்டின் டச்சு ஓவியர் ஹான் வான் மேகரனுடையது. சொந்தப் பெயரில் வரைந்தபோது விமர்சகர்கள் இவரைப் பெரிதாக மதிக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவிய மேதை வெர்மீரின் பெயரில் இவர் வரைந்த ஒரு படத்தை, ஓவிய ஆய்வில் பெருமதிப்புப் பெற்றிருந்த ஆபிரகாம் பிரெடியஸ் 1937இல் வெர்மீரின் தலைசிறந்த படைப்பாகவே அறிவித்தார். ரோட்டர்டாம் அருங்காட்சியகம் அதைப் பெருந்தொகைக்கு வாங்கியது. வெர்மீர் ஓவியமொன்று நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போன விவகாரத்தில் 1945இல் கைதான வான் மேகரன், அதை வரைந்தவன் நானே என்று ஒப்புக்கொண்டு, சாட்சிகள் முன்னிலையில் புதிதாக ஒன்றை வரைந்தும் காட்டினார். இன்று அந்தப் போலிகளைப் பார்க்கும்போது, களைத்த கண்ணிமைகளும் உயிரற்ற முகங்களும் வெர்மீரோடு எங்கே ஒட்டுகின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு எனக்கு உண்மை தெரியும், அதனால் தோன்றுகிறது; 1937இல் அந்தச் சுவரின் முன் நின்றிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

யார், எப்போது, எந்தச் சூழலில் வரைந்தார் என்பதும் கலையின் பகுதிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதன்முதலில் ஒரு வழியைத் திறந்தவருக்கும் அவ்வழியே பின்னால் நடந்தவருக்கும் வேறுபாடு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. வரலாற்றை மதிப்பிடுகிறோம் என்றால் வரலாற்றை மதிப்பிடுகிறோம் என்றே சொல்லட்டும். பெயருக்குத் தரும் மரியாதையைத் தூய ரசனை என்றும் பழகிய கண்ணின் தீர்ப்பு என்றும் அழைப்பதில்தான் எனக்கு மறுப்பு.

பெயரைவிட ஆழத்தில் இயங்கும் சாய்வு ஒன்றும் உண்டு. ஐரோப்பியக் கலைக்கழகங்கள் புராண, வரலாற்றுக் காட்சிகளை உச்சியிலும் பூக்கள், பழங்கள், பாத்திரங்கள் வரைவதைக் கடைசியிலும் வைத்தன. பூத்தையலும் நெசவும் அந்த ஏணியிலேயே இல்லை, அவை கைவினை. உச்சிப் படிக்கு ஏற வேண்டுமானால் ஆடையற்ற உடலைப் பார்த்து வரைந்து பழக வேண்டும். அந்த வகுப்புக்குள் பெண்களுக்கு நெடுங்காலம் அனுமதி இல்லை. வகுப்பின் கதவை மூடி வைத்துவிட்டு, பூ வரைவது சிறிய கலை என்று மதிப்பெண்ணும் போட்டார்கள். பெரும் பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடையைத் திறமையில் தேடாமல் இத்தகைய நிறுவனங்களில் தேட வேண்டும் என்று கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் 1971இலேயே எழுதினார்.

அத்தகைய கலைக்கழகங்களில் ஒன்றான லண்டன் ராயல் அகாடமி 1768இல் தொடங்கப்பட்டபோது நிறுவன உறுப்பினர்களில் இருவர் பெண்கள்: ஆஞ்செலிகா காஃப்மன், பூக்களை வரைந்து பெயர்பெற்ற மேரி மோசர். அவர்களுக்குப் பின் இன்னொரு பெண், லாரா நைட், முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட 1936 வரை ஆனது. அகாடமி உறுப்பினர்கள் ஆடையற்ற மாதிரியைச் சுற்றிக் கூடியிருப்பதை யோஹான் சோஃபனி 1771–72இல் வரைந்தார். ஆண்கள் நிற்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறார்கள். காஃப்மனும் மோசரும் அந்த அறையின் சுவரில் இரண்டு உருவப்படங்களாகத் தொங்குகிறார்கள்.