ஷார்ட்கட்டாம்ல, ஷார்ட்கட்டு

ரெண்டு நாளா எதுவும் எழுதக் கூடாதுன்னு தான் இருந்தேன். வீட்டுக்காரரும் விடு விடுன்னு சொல்லிட்டுத் தான் இருக்கார். முடியல. ஞாயித்துக்கிழமை என் தோழிக்கு சிங்கப்பூர்ல பிஆர், அதாவது நிரந்தரமா தங்குற உரிமை, கிடைச்சிடுச்சுன்னு நான் சந்தோஷமா போட்ட போஸ்ட்டுக்குக் கீழ ஒரு அண்ணன் வந்து போட்ட கமெண்டை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. வேலை பார்த்து வாங்குறவன் வருஷக்கணக்கா காத்துக் கிடக்கான், லேடீஸுக்கு மட்டும் கல்யாணம்னு ஒரு ஷார்ட்கட் இருக்குன்னு. பக்கத்துல விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை வேற. பேர் போடமாட்டேன். அவர் போட்டது கூட பரவாயில்லைங்க, அதுக்கு 28 லைக். அதுல நாலு பேர் போன பொங்கலுக்கு எங்க வீட்ல இலை போட்டுச் சாப்பிட்டவங்க.

அந்தத் தோழி எட்டு வருஷம் காத்திருந்தா. எட்டு வருஷத்துல போய்ச் சேர்ற ஷார்ட்கட்டை நான் இப்பத்தான் கேள்விப்படுறேன்.

ஒண்ணே ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. சிங்கப்பூர் சிட்டிசனைக் கட்டிக்கிட்டா பிஆர் கிடைக்காது. பிஆருக்கு அப்ளை பண்ணலாம். அவ்வளவு தான். மூணு முடிச்சு விழுந்ததும் பிஆருக்கான நீல ஐசியை, அதாவது அடையாள அட்டையை, தட்டுல வச்சு நீட்டுறாங்கன்னு யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்காங்க போல. கல்யாணம் குடுக்கிறது ஒரு ஃபாரம். அந்த ஃபாரத்துக்கும் நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் திரும்ப வராது.

நான் 2014ல மன்னார்குடியிலேருந்து வந்தவ. எங்க பக்கத்துல திருச்சி ஃப்ளைட்டுல சிங்கப்பூர் போறதுன்னா பக்கத்து டவுனுக்குப் போற மாதிரி தான் பேசுவாங்க, நானும் அப்படித்தான் கிளம்பி வந்தேன். என் வீட்டுக்காரர் இங்கயே பொறந்து வளர்ந்தவர், தாத்தா காலத்துலயே வந்த குடும்பம். வந்ததும் எனக்குக் கிடைச்சது லாங் டெர்ம் விசிட் பாஸ். பேரைப் பாருங்க, விசிட். விருந்தாளி. நான் சமைச்சு, நான் பாத்திரம் கழுவி, நான் அத்தைக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கிற வீட்ல நான் தான் விருந்தாளி. முதல்ல ஒரு வருஷம், அப்புறம் ரெண்டு வருஷம்னு குடுப்பாங்க, முடியப் போகுதுன்னா வயித்துல ஒரு பிசைவு ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் தான் ஸ்பான்சர். கிரிக்கெட் டீமுக்குத் தான் ஸ்பான்சர் இருப்பாங்கன்னு நெனச்சிருந்தேன், பொண்டாட்டிக்கும் இருப்பாங்கன்னு இங்க வந்து தான் தெரிஞ்சுது.

2015லேருந்து கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தப் பாஸ் கிடைக்க வாய்ப்பிருக்கான்னு பார்த்துச் சொல்ற ஏற்பாடு ஒண்ணு வந்திருக்கு. பத்துப் பொருத்தம் ஜோசியர் பார்ப்பார், பதினொண்ணாவது பொருத்தம் கவர்மெண்ட் பார்க்கும். கிண்டல் இல்ல, உண்மையிலேயே நல்ல ஏற்பாடு தான், எனக்கெல்லாம் அது இல்லாம போச்சு.

பேப்பர் வேலையைப் பத்தி தனியாவே ஒரு போஸ்ட் போடலாம். நம்ம ஊர் பொண்ணுங்களுக்கு சர்நேம்னு ஒண்ணு ஏதுங்க? டிகிரி சர்டிபிகேட்ல எனக்கு முன்னாடி இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா, கல்யாண சர்டிபிகேட்ல பின்னாடி ஒரு இனிஷியல், அதுலயும் புள்ளி ஒரு இடத்துல இருக்கு ஒரு இடத்துல இல்ல. இந்த மூணு பொம்பளையும் ஒரே பொம்பளை தான்னு நான் வக்கீல்கிட்ட போய் அஃபிடவிட் வாங்கிட்டு வந்தேன். அப்புறம் அவரோட சிபிஎஃப் (சேமநிதி) கணக்கு, வருமான வரி, சம்பள ஸ்லிப், என்னோட படிப்பு, தமிழ்ல மட்டும் இருந்த பர்த் சர்டிபிகேட்டுக்கு மொழிபெயர்ப்பு. ஆன்லைன்ல அந்த ஃபாரத்தைத் திறந்துட்டா ஏழு நாளுக்குள்ள முடிச்சாகணும். லாகின் பண்ணப்போறது அவர் சிங்பாஸ்ல, அதாவது கவர்மெண்ட் வேலைக்கெல்லாம் இருக்கிற அவரோட ஆன்லைன் ஐடில. என் வாழ்க்கை வரலாறு, அவரோட பாஸ்வேர்டு.

2018ல போட்டோம். இல்லன்னு வந்துது. 2021ல போட்டோம். இல்லன்னு வந்துது. காரணம் சொல்லமாட்டாங்க. எம்பியைப் பார்த்து ஒரு லெட்டர் வாங்குங்கன்னு நாலு பேர் சொன்னாங்க, மக்கள் சந்திப்புக்கு டோக்கன் எடுத்து பிளாக்குக்குக் கீழ ரெண்டு மணி நேரம் உக்காந்து அதையும் வாங்கி அனுப்பினோம். நான் ஒண்ணும் அழல. அத்தை தான் அழுதாங்க, பேரன் பொறந்தும் குடுக்கலையேன்னு.

சரி, இப்ப வருவீங்க தெரியும். போலிக் கல்யாணம் நடக்கலையாம்மா? நடக்குது. யாரு இல்லன்னா? 2012லேருந்து அதுக்குன்னே சட்டம் இருக்கு, பாஸுக்காக பொய்க் கல்யாணம் பண்ணினா பத்து வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் குடுக்கலாம். பிடிக்கட்டும், உள்ள போடட்டும், நானே கை தட்டுறேன். ஆனா இந்த ஊர்ல சிட்டிசனுங்க பண்ற கல்யாணத்துல கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு சிட்டிசன் இல்லாதவங்களோட தான் நடக்குது. அத்தனை பேரும் நடிக்கிறாங்களா? நான் பதினோரு வருஷமா நடிக்கிறேனா? அப்ப எனக்கு பிஆர் வேண்டாம், அவார்டு குடுங்க.

சின்ன நாடு, இடம் கம்மி, பார்த்துத் தான் குடுக்கணும்னு சொல்வீங்க. ஒத்துக்கிறேன். நியாயம் தான். ஆனா ஒண்ணு, நான் பிஆர் இல்லன்னா இடம் மிச்சமாகுதா? நான் இங்கயே தானே இருக்கேன், அதே கட்டில்ல தானே தூங்குறேன். என்ன, வீடு வாங்கும்போது கவர்மெண்ட் புதுசா கட்டி விக்கிற பிடிஓ வீட்ல நாலு ரூம் எங்களுக்குக் கிடையாது, இன்னொருத்தர் விக்கிற ரீசேல் வீடு தான். இன்டர்வியூவுக்குப் போனா எச்ஆர் பொண்ணுக்கு எல்ஓசின்னா (எங்க பாஸ்ல வேலை பார்க்கக் குடுக்கிற அனுமதிக் கடிதம்) என்னன்னே தெரியாது, சிட்டிசனா பிஆரான்னு கேட்டுட்டு ஃபைலை மூடி வச்சிடும். நான் எம்எஸ்சி மேத்ஸ். இப்ப டியூஷன் சென்டர்ல ஒர்க்‌ஷீட் திருத்துறேன். பிரசவத்துக்கும் மானியம் இல்லாத பில்லு தான். பையன் 2017 ஜனவரில பொறந்தப்புறம் தான் எல்டிவிபி ப்ளஸ், அதாவது அதே லாங் டெர்ம் விசிட் பாஸ்ல ஒரு படி மேல, வந்துது. குழந்தை இருக்கணும், இல்ல கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆகணும், அப்பத்தான் அந்த ப்ளஸ். கூட்டல் குறி ஒண்ணு வாங்க மூணு வருஷம்.

பிடிக்கலைன்னா ஊருக்குப் போன்னு ஒருத்தர் எழுதியிருந்தார் இல்ல, அவருக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். போனேன். 2020 மார்ச்ல அப்பாவுக்கு ஆபரேஷன்னு பையனைத் தூக்கிட்டுப் போனேன். அப்புறம் உலகமே மூடிடுச்சு. ஃப்ளைட் இல்ல, அது எல்லாருக்கும் தான். ஆனா மார்ச் கடைசியிலேருந்து பாஸ் வச்சிருக்கிறவங்க எல்லாரும் முன் அனுமதி வாங்கித் தான் உள்ள வரணும்னு ஆயிடுச்சு. என் பையன் சிட்டிசன், அவனுக்கு அனுமதி வேண்டாம். எனக்கு வேணும். மூணு வயசுப் பையன் வரலாம், அவனைத் தூக்கிட்டு வர்றவ கேட்டு வரணும். வந்து சேர ஆகஸ்ட் ஆயிடுச்சு. வாசல்ல அவங்கப்பாவைப் பார்த்து என் முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சான் அவன். நாட்டு மேல தப்பு சொல்லல, நோய்க்காலம், யாரா இருந்தாலும் அதைத் தான் செஞ்சிருப்பாங்க. ஆனா அதையும் ஷார்ட்கட்டுன்னு சொல்லாதீங்க தயவுசெஞ்சு.

என்எஸ், அதாவது இங்க ஆம்பளைங்க செய்யவேண்டிய கட்டாய தேசிய சேவை, அதைப் பத்தி பேசுறவங்களுக்கும் பதில் இருக்கு. என் வீட்டுக்காரர் என்எஸ் முடிச்சவர், இன்னைக்கும் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போறார், அவர் யூனிஃபார்மை நான் தான் துவைக்கிறேன். என் பையனுக்கு எட்டு வயசு, பதினெட்டுல அவனும் ரெண்டு வருஷம் போவான், சந்தோஷமா அனுப்புவேன். பாசிங் அவுட் பரேடுக்கு நான் போய் உக்காரும்போது என் ஃபோன்ல இருக்கிற பாஸ் அன்னைக்கும் விசிட்னு தான் சொல்லணுமா? ஆமா ஃபோன்ல தான், 2023லேருந்து கார்டு கூட கிடையாது, எல்லாம் டிஜிட்டல்.

இதையெல்லாம் விட என்னை அரிக்கிற விஷயம் வேற. நான் நல்ல வீட்ல வந்து விழுந்தேன். எல்லாருக்கும் அப்படி இல்ல. எங்க பிளாக்குக்கு ரெண்டு பிளாக் தள்ளி ஒரு பொண்ணு இருந்தா, ஊர் பேரெல்லாம் வேண்டாம். அந்த வீட்ல சாம்பார்ல உப்பு கம்மின்னா கூட 'பாஸை கேன்சல் பண்ணிடுவேன்' தான். அவன் தான் ஸ்பான்சர், அவன் கையெழுத்துல தான் அவ இந்த மண்ல நிக்குறா, ரெண்டு குழந்தையும் சிட்டிசன், விட்டுட்டுப் போகவும் முடியாது, கூட்டிட்டுப் போகவும் முடியாது. மார்க்கெட்டுல பார்த்தா எப்பவும் சிரிப்பா. நாலு வருஷம் அதே சிரிப்பு. பிஆர்னா எங்களுக்கு வீட்டு மானியம் இல்லைங்க அண்ணே, புருஷன் மூட் சரியில்லாத அன்னைக்கும் அடுத்த மாசம் இங்க இருப்போம்னு தெரிஞ்சு தூங்குறது. அதை வாங்க வரிசையில நிக்குறவளைப் பார்த்துத் தான் நீங்க சிரிச்சீங்க. அவளும் உங்க ஃப்ரெண்ட் லிஸ்ட்டுல இருக்கா, உங்களுக்குத் தெரியாது.

வெளிநாட்டு மாப்பிள்ளைங்க நிலைமை இன்னும் மோசம்னு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல எழுதியிருந்தார். உண்மை தான் தம்பி, அதை நீங்களே எழுதுங்க, நான் ஷேர் பண்றேன்.

அண்ணனும் இன்பாக்ஸ்ல வந்தார். ஜோக்குக்கு சொன்னேன் சிஸ்டர், சீரியஸா எடுத்துக்காதீங்கன்னு. பதில் போடல. லைக் போட்ட அந்த நாலு பேர்கிட்டேருந்து இது வரைக்கும் ஒரு வார்த்தை வரல, இலைக்கு ரெண்டு வடை வச்சேன் ஞாபகம் இருக்கட்டும்.

கீழ வந்து எந்த ஏஜென்ட்டுன்னு கேக்காதீங்க. ஏஜென்ட் யாரும் கிடையாது. நாலு வருஷமா மனசு வராம இருந்து இப்ப மூணாவது தடவை போடுறோம், நானும் அவரும் தான், வெள்ளிக்கிழமை ராத்திரி பையன் தூங்கினப்புறம். அஃபிடவிட் எங்க வச்சேன்னு தான் தெரியல.